உசிலம்பட்டிக்கு ஓர் அம்பர் துண்டு

பொங்கல் முடிந்த இரண்டாம் சனிக்கிழமை, மதுரைக் கடைத்தெருவில் அம்பர் தேடி அலைந்துவிட்டு, உசிலம்பட்டிக்கு அருகே உள்ள ஒரு கிராமம்வரை போய்வந்தேன். இந்தத் தளத்தில் வழக்கமாக நான் எழுதும் கோயில், மலை, அணைக்கட்டுப் பயணம் போன்றதல்ல இது. ஆனாலும் மதுரையில் கல் வாங்க வருபவர்களுக்கும் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் சில தகவல்கள் உதவலாம்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா பர்மாவிலிருந்து அறுபதுகளில் கப்பலில் திரும்பியவர். அவருடைய தங்கை, அதாவது என் அத்தை ராசம்மாள், அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். (என் அப்பா சிறுவயதிலேயே ஊரில் விடப்பட்டவர், அவருக்கு அக்காள் முகம் நினைவில்லை.) கப்பலேறும் நாளில் அத்தை ஒரு அம்பர் துண்டைப் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறார். எலுமிச்சம்பழ அளவு, உள்ளே ஒரு பூச்சி. மதிப்புள்ள எதையும் பர்மா அரசு வெளியே விடாத நேரம் அது. அதனால் குங்கிலியக் கட்டிகளோடு கலந்து துணியில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாராம். சோதித்தவர்கள், சாமிக்குப் புகை போடுகிற சாமான் என்று விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் கடிதங்களும் நின்றுபோயின.

ஊருக்கு வந்த பிறகும் பெரியப்பா அந்தப் பொட்டலத்தைப் பிரித்து வைக்கவில்லை. அத்தை கட்டிக் கொடுத்தபடியே, குங்கிலியத்தோடு, தகரப் பெட்டியில் இருந்தது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பார், திரும்பவும் அப்படியே கட்டிவைப்பார்.

இந்த வருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியை ஒழித்திருக்கிறார்கள். குங்கிலிய வாசனை அடித்ததால் பொட்டலம் சாமி அலமாரிக்குப் போய்விட்டது. தை முதல் வெள்ளிக்கிழமை சாம்பிராணி தீர்ந்திருந்தது. பெரியப்பா மகன் தங்கராசுவின் மனைவி செல்வி பொட்டலத்தைப் பிரித்து, எல்லாக் கட்டிகளையும் குழவியால் தட்டி, கரிச்சட்டித் தணலில் போட்டுவிட்டாள்.

தங்கராசு என்னைக் கைபேசியில் அழைத்தான். "அக்கா, அப்பா தெனமும் பொட்டணம் எங்கன்னு கேக்குறாரு. என்னத்தச் சொல்ல? கண்ணு மங்கலாத்தான் தெரியுது. அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க. நீங்கதான் கல்லு படிச்சவுக."

நான் நிலவியல் முதுகலை. அம்பர் கல் அல்ல என்பதை அவனிடம் விளக்கவில்லை. மரப்பிசின் மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகியது அது. தமிழ் அகராதிகளில் ஓர்க்கோலை என்றும் கற்பூரமணி என்றும் இருக்கிறது. இரண்டையும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெரியப்பா 'பயின்' என்பார், பர்மாவில் அப்படித்தான் பெயர் என்பார். தமிழிலும் பிசினுக்குப் பழைய சொல் பயின்தான். எது எங்கிருந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுகிறவர்களை நான் நம்புவதுமில்லை.

காலை ஒன்பதரைக்கு வில்லாபுரத்திலிருந்து கிளம்பினேன். ஆட்டோ பெரியார் நிலையம்வரை நூற்றிருபது ரூபாய். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள ராசிக்கல் கடைகளில் மூன்று கடை ஏறினேன். கையில் ஒரு பாட்டில் நிறைய கெட்டியான உப்புத் தண்ணீர். நல்ல அம்பர் அதில் மிதக்கும், கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் மூழ்கும். இரண்டாவது கடைக்காரர் பாட்டிலைப் பார்த்தார்.

"என்ன மேடம், ஊறுகா போடப் போறீங்களா?"

அவருடைய 'ரஷ்யா அம்பர்' மணி நேரே அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அசரவில்லை மனிதர். "ஒரிஜினல்ல, அதான் வெயிட்டு."

கடைசியில் ஒரு அத்தர் கடையில்தான் கிடைத்தது. அறுபதைத் தாண்டிய பாய் ஒருவர் இருந்தார். அம்பர் என்றதும் வாசனைக் குப்பி ஒன்றை எடுத்தார். இல்லை, பிசின் மாதிரி, மஞ்சளாக என்றேன்.

"கஹ்ரபாவா? அதை யாரும்மா இப்பக் கேக்குறா!" என்று உள்ளே போய், பழைய தஸ்பீஹ் ஜெபமாலை மணிகளோடு ஒரு பட்டை தீட்டாத துண்டையும் கொண்டுவந்தார். சட்டைக் கையில் தேய்த்து ஒரு காகிதத் துணுக்கின் மேல் காட்டினார். துணுக்கு எழும்பி ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரிலும் மிதந்தது. நெல்லிக்காயை விடச் சற்றுப் பெரிது, பூச்சி கிடையாது. மூவாயிரத்து இருநூறு ரூபாய்.

"யாருக்கும்மா? மருந்துக்கா?"

ஆமாம் என்றேன்.

ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர் வழி. நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இடப்பக்க சன்னல் வேண்டாம், பகலில் வெயில் மடியிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த வெயிலில் துண்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வரும் நேரத்து நிறம். மஞ்சள் என்றால் குறைவு, செம்மஞ்சள் என்றால் அதிகம். பொய் சொல்லக் கொண்டுபோகிற பொருள் இவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

உசிலம்பட்டியில் இறங்கி எழுமலைச் சாலையில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். நிறுத்தத்திலேயே செல்வி நின்றிருந்தாள்.

"கல்லுன்னுதான மதினி எல்லாரும் சொன்னீக? கல்லுன்னா ஒடையுமா? பொசுக்குன்னு ஒடஞ்சுச்சு. குங்கிலியந்தான்னு நெனச்சேன்."

நல்ல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தவிர, மேல்தோல் மங்கிய அம்பருக்கும் குங்கிலியத்துக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. அவளிடம் அதைத்தான் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

"மாமாட்ட நீங்களே குடுத்துருங்க மதினி" என்றாள். துண்டைச் சுற்ற ஒரு பழைய வேட்டிக் கிழிசலை மறக்காமல் எடுத்து வைத்திருந்தாள்.

பெரியப்பா வாசல் வேம்படியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். வயது எண்பத்தைந்துக்கு மேல்.

"வா தாயி. பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சுச்சா?"

கிடைத்தது என்றேன். பொட்டலத்தை அவர் கையில் வைத்து, "அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்திருக்கு பெரியப்பா" என்றேன். அது தங்கராசு சொல்லிக் கொடுத்திருந்த வாக்கியம்.

அவர் கண்ணுக்கு அருகே கொண்டுபோகவில்லை. துணியை மூக்கில் வைத்தார். பிறகு துண்டை உள்ளங்கையில் போட்டு இரண்டு முறை தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல பயினுதான். எம்புட்டுக் குடுத்த?"

நான் வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழமையே தெரியும் தாயி. சாம்பிராணி அப்பிடி மணக்காது. குங்கிலியமும் மணக்காது. இங்கனதான் படுத்திருந்தேன். எந்திரிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் போச்சு."

"பெறகு ஏன் மாமா தெனமும் கேட்டீக?" கதவுக்குப் பின்னாலிருந்து செல்வி குரல். அழுகிறாள் என்று தெரிந்தது.

"யாராச்சும் சொல்லுவீகன்னுதான் கேட்டேன். நீ கரிச்சட்டிய ஒளிச்சு வைக்கிற. ஒம் புருசன் அலமாரிய நகட்டுறான். இப்ப மதுரையிலருந்து இவ வாரா." என் பக்கம் திரும்பினார், ஒரு சிரிப்பு வந்து போனது. "காசு கையில நிக்காது, ஒங்க அப்பன மாதிரியே."

செல்வி வெளியே வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். "தெரியாமப் பண்ணிட்டேன் மாமா" என்றாள். "அதத்தான் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேச்சை மாற்ற நினைத்து, அத்தை பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்டேன். வீட்டில் யாரும் அதுவரை கேட்டதாக நினைவில்லை. உள்ளே இருப்பது எறும்பா, ஈயா என்றுதான் எல்லோரும் கேட்போம்.

பெரியப்பா கையிலிருந்த துண்டைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"சின்னதுல அவ ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு அந்தப் பயினுக்குள்ளாற என்னையப் பாப்பா. நானும் வெயிலுக்கு நேரா அதப் பிடிச்சா, அந்த மூடுன கண்ணு, அந்த மூஞ்சி எல்லாம் வரும். சும்மா நெனச்சா வராது தாயி. பேருதான் வருது."

நான் கொண்டுபோன துண்டை ஒருமுறை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உடனே இறக்கி, கிழிசலில் சுற்றி, என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ராசிக்கல் கடைகளில் அம்பர் என்று விற்பதைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். உப்புத் தண்ணீர் பாட்டிலுக்கு யார் சிரித்தாலும் பரவாயில்லை. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம், பொருளுக்குக் காயம். பழைய அத்தர் கடைகளில் கஹ்ரபா என்று கேட்டால் பலன் உண்டு. உசிலம்பட்டியிலிருந்து மாலையில் திரும்பும் பேருந்துகளில் கூட்டம் அதிகம், நான் செக்கானூரணிவரை நின்றுகொண்டே வந்தேன். இப்படி ஒரு பொருள் உங்கள் வீட்டில் இருந்தால் அது என்னவென்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, கையில் கொடுத்து, வெளிச்சத்தில் காட்டி வையுங்கள்.

போன வாரம் தங்கராசு பேசினான். அப்பா இப்போது பொட்டலத்தைக் கேட்பதில்லையாம். செல்விதான் பயந்துபோய் வெள்ளிக்கிழமைப் புகையையே நிறுத்தியிருக்கிறாள். பெரியப்பா அவளைக் கூப்பிட்டு, அந்தக் கரிச்சட்டியையே கழுவாமல் எடுத்து வரச் சொன்னாராம். "தணல் போடு தாயி. அடியில கொஞ்சம் பயினு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இருக்கும்." அவள் தணல் போட்டிருக்கிறாள். அவர் கட்டிலைப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஏதாவது மணத்ததா என்று தங்கராசுவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.