மொட்டை மாடியில் காய்த்த மாம்பழம்

பாகாலாவுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் போன் சிக்னல் கிடைப்பது எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மட்டும்தான். அந்த ஒரு தகுதியாலும், ஸ்ரீ சிட்டியில் கொஞ்ச நாள் கம்பெனி வேலை பார்த்த பவிஷாலும் நான் ஊருக்கே பிளாக்செயின் நிபுணன் ஆனேன்.

மருந்தடிக்காத மாம்பழத்துக்கு நல்ல விலை தருவதாகத் திருப்பதியில் ஓர் இயற்கை அங்காடி சொன்னது. பூ விட்டதிலிருந்து பறித்தது வரை எல்லாவற்றையும் போன் வழியாக பிளாக்செயின் என்ற கணினிப் பேரேட்டில் பதிய வேண்டும். வாங்குகிறவர் பழத்தின் மேலிருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் அதன் முழு ஜாதகமும் தெரியும். பதிய வந்தவர்களுக்கெல்லாம் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தேன். "ஒரு தபா ஏத்திட்டா பிரம்மாவால கூட அழிக்க முடியாது. அதான் இதோட அழகே!" வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எங்கள் தோப்பு என் மனைவியுடையது. சொந்தபந்தம் எல்லாம் சிரிக்க, ஒரு சொட்டுப் பூச்சிமருந்துகூடப் படாமல் வருஷக்கணக்காய் அதை வளர்த்தவள் அவள். அவளுடைய முதல் லோடு திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்காடியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"ஏன்ட்டி சார் இது? உங்க ஊரு மாங்கா மொத்தமும் ஒரே வீட்டு மாடியில காய்ச்சதா காட்டுது. லோடை எப்படி இறக்கறது?"

பதியும்போது போன் எங்கே இருக்கிறதோ, அதையே தோப்பு இருக்கும் இடமாக அது குறித்துக்கொள்ளும் என்பது நிபுணருக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பழம் மாங்கூழ் பேக்டரிக்குப் போய், மருந்தடித்த பழத்தோடு கலந்துவிடும்.

"அழிச்சிட்டு சரியா போடேன்" என்றாள் மனைவி. நான் தலையைச் சொறிந்தேன்.

"ஓ, பிரம்மாவாலயும் முடியாதில்ல? மாடியில குந்திக்கினு என்னா பேச்சு பேசின!" சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. "எவ்ளோ பாடுபட்டு வளத்தேன்யா." எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

அங்காடிப் பெண்ணே வழி சொன்னார். பழைய பதிவு அப்படியேதான் இருக்கும், அதன் கீழே திருத்தம் சேர்க்கலாம். ஆனால் தோப்பிலிருந்தே பதிய வேண்டும், படமும் காரணமும் வேண்டும். தோப்பில் ஏது சிக்னல்? மரத்தில் ஏறினேன். தொப்பையும் லுங்கியுமாய், செவ்வெறும்பு கடிக்கக் கடிக்க, உச்சிக் கிளையில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. படம் எடுத்தேன். கேமரா என் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்ததை அந்த அவசரத்தில் யார் பார்த்தது?

"காரணம் கேக்குது, இன்னா போட?" என்று மேலிருந்து கத்தினேன்.

"வூட்டுக்காரர் தப்புன்னு போடு!"

போட்டேன். லோடு இறங்கியது. அதற்கப்புறம் ஊரிலிருந்த தோப்பு ஒவ்வொன்றிலும் நான் மரமேறிய கதை வேண்டாம்.

போன வாரம் திருச்சானூர் கோயிலுக்குப் போய்விட்டு, இருவரும் அந்த அங்காடிக்குள் நுழைந்தோம். ஓர் அம்மா எங்கள் பழத்தை ஸ்கேன் செய்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். போனில் கிளையைக் கட்டிப்பிடித்தபடி நான். நைசாக நழுவப் பார்த்தேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்து அந்த அம்மா முன்னால் நிறுத்தினாள்.

"இவர்தாம்மா அது. நீ தைரியமா வாங்கு, பழம் என்னுது."