மூளைக்குப் போகாத தேங்காய்ப்பால்

எனக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்று தெரிந்த அன்று என் மனைவி அழவில்லை. தேங்காயை ஒளித்து வைத்தாள். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த சொதியெல்லாம் மூன்றாம் பாலில் வைத்தது. தேங்காய் அதில் குளித்துவிட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். முட்டையின் மஞ்சள் கரு அவள் தட்டுக்குப் போய்விடும்.

"சாகுறதுன்னு ஆனா ருசியாச் சாகுறேனே" என்பேன்.

"நீங்க போயிட்டா என்னைய யாரு இப்பிடி அறுக்கிறது?" என்பாள்.

என் பகிடிகளுக்குக் கண்டியில் இருந்த ஒரே ரசிகை அவள்தான். கந்தோரில் லீவு கேட்டு வருகிறவர்கள் சிரிப்பார்கள். லீவு கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள்.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு மறதி நோய் வந்தது. முதலில் போனது சிரிப்பு. நான் சொல்வது அவளுக்கு விளங்காமல் போனது. பகிடிதான் மோசம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு வாய்ப்பு அதிகமாகவே இருந்தது. அப்புறம் அடுப்பில் வெறும் சட்டி கருகியது. அப்புறம் ஒருநாள், எங்கள் வீட்டிலேயே, குளியலறைக்கு எப்படிப் போவது என்று என்னிடம் மரியாதையாக விசாரித்தாள். அன்றைக்குத்தான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மறதி நோய் என்று சொல்லி, கொஞ்சக் காலத்துக்குத் தாக்குப்பிடிக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கோட் போட்ட ஒருவர் பேசினார். மூளையில் நிறையக் கொழுப்பு இருக்கிறதாம். நரம்பு செல்களுக்குப் போய்ச் சேர வேண்டிய கொலஸ்ட்ரோல் போய்ச் சேராவிட்டால் ஞாபகம் கெடுமாம். அதைச் சரிசெய்ய மருந்து தேடுகிறார்களாம். மீதியை நான் கேட்கவில்லை. சந்தைக்குக் கிளம்பிவிட்டேன். எனக்குக் கூடிப்போனது அவளுக்குக் குறைந்துபோயிருக்கிறது, ஒரே வீட்டுக்குள் என்ன அநியாயம் என்றுதான் தோன்றியது.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் முதல் பால். முதல் பாலில் சொதி, முதல் பாலில் பாற்சோறு, தோசைக்கு நெய், காலையில் மஞ்சள் கருவோடு முட்டை. தேங்காய் துருவிப் பழக்கமில்லாததால் என் விரலும் கொஞ்சம் அவள் உடம்பில் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். விளக்கு எரிகிறதா என்று.

ஒரு மத்தியானம் பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணே. ஆனா இத எங்க வீட்டுக்காரருக்கு வெச்சிறாதீங்க. அவருக்குக் கொலஸ்ட்ரோல்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணே என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஆளு எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்லவருதான். வாய்தான் நீளம்."

சிரித்தேன். தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு நின்றேன்.

அடுத்த கிளினிக்குக்கு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டு போனோம். அவளைப் பிரஷர் பார்க்கத் தாதி கூட்டிப் போனார். நானும் டொக்டரும் மட்டும் இருந்தோம். டொக்டர் மடவளைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்க? கொலஸ்ட்ரோல் இவ்வளவு ஏறியிருக்கே."

பெருமையாகச் சொன்னேன், வீடியோவில் இருந்து விரல் வெட்டு வரைக்கும். "சிரிக்கிறதுன்னா சிரிங்க டொக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "எங்கட வாப்பாக்கும் இதே மறதி வருத்தம்தான். நான் டொக்டரா இருந்துகொண்டே கருஞ்சீரகம் அரைச்சுக் குடுத்தேன்" என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். "ரத்தத்துல இருக்கிற கொலஸ்ட்ரோல் மூளைக்குள்ள போகாது அங்கிள். நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. மூளை தனக்குத் தேவையானத தானே செஞ்சுகொள்ளும். ஒரு வகை செல் செய்யும். அதச் சுமந்துகொண்டு போய் நரம்பு செல்லுக்குக் குடுக்க ஒரு புரதம் இருக்கு. சில பேருக்குப் பிறப்புலயே அந்தப் புரதம் பலவீனம். அப்ப, செய்யிற எடத்துல தேங்கி நிக்கும். வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேராது. ஆன்ட்டிக்கும் அப்பிடி இருக்கலாம்."

நான் தண்ணீர்க் கந்தோரில் தலைமைக் கிளார்க். இந்தக் கதையை எனக்கா விளக்க வேண்டும்? தாங்கி நிறையத் தண்ணீர் இருக்கும், மேட்டு வீட்டுக் குழாயில் காற்று மட்டும் வரும். போன் எடுத்துத் திட்டுகிறவர்களிடம், "தண்ணி இருக்கு ஐயா, மேல ஏறத்தான் மாட்டேங்குது" என்று இளித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

"அப்ப ஏத்துறதுக்கு வழி பண்ணலாந்தானே?" என்றேன்.

"அதத்தான் தேடுறாங்க. எலிகளுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. கொஞ்சம் நம்பிக்கையும் இருக்கு. ஆனா நாங்க எழுதிக் குடுக்கிற மாதிரி மருந்து இன்னும் வரல்ல."

"எப்ப வரும்?"

"சொல்லத் தெரியாது அங்கிள்."

"இவளுக்கு?"

டொக்டர் ரிப்போர்ட்டை மடித்தார். "ஆன்ட்டிக்கு வந்து சேராது."

"எலியாப் பொறந்திருக்கலாம்" என்றேன். என் வாய் அப்படித்தான், செத்த வீட்டிலும் வேலை செய்யும். டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். கொலஸ்ட்ரோல் மாத்திரை. நான் போடுகிற அதே மாத்திரை.

வெளியே வாங்குப் பலகையில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"உங்க வீட்டுல யாருக்கு அண்ணே சொகமில்ல?"

"பொஞ்சாதிக்கு."

"ஐயோ. மருந்து இருக்காமா?"

இந்த இடத்தில் சொல்ல என்னிடம் ஒரு பகிடி இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன்.

"இல்லையாம்" என்றேன்.

அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிறாதீங்க அண்ணே. பாவம், பயந்துருவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எனக்காக அவள் கண் கலங்கியிருந்தது.