மாமா கொண்டுவந்த ரேஸ் பெட்ரோல்

என் மாமாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அம்மாவின் ஒரே தம்பி. நுவரெலியாவில் ஒரு கராஜில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கந்தப்பளைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் தன் த்ரீவீலரை முடுக்கிக்கொண்டு வந்துவிடுவார். சத்தம் கேட்டதும் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலில் கூடிவிடுவோம். தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதுபோல் நடந்து காட்டுவார். தேள் கொட்டிவிட்டதென்று அலறிக்கொண்டு குதிப்பார். நாங்கள் பதறிக் கிட்டே ஓடினால், "ஏமாந்தீங்களா?" என்பார். ஒவ்வொரு வாரமும் ஏமாந்தோம். வயது முப்பதைத் தொட்டும் கல்யாணம் பண்ணாமல் இப்படிக் குரங்காட்டம் போடுகிறானே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் பெரிய கறித்துண்டு அவர் தட்டில்தான் விழும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஏப்ரல் சீசனுக்கு மலையேறும் கார் ரேஸ் ஓட்ட வந்த கொழும்பு முதலாளி ஒருவர் மாமாவை எடுபிடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பளபளவென்று ஒரு சிவப்பு நைலோன் சட்டையும் கொடுத்தார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு போத்தலோடு வந்து இறங்கினார்.

"அக்கா, இது ரேஸ் பெட்ரோல். நம்ம பெட்ரோல விட இத கார் ரெண்டு மடங்கு குடிக்கும். ஆனா இன்ஜின் சூடாகவே சூடாகாது!"

"குடிக்கிறதப் பத்தி நீ பேசாம யாரு பேசுவா," என்றாள் அம்மா.

அது பெட்ரோலே அல்ல, மெதனோல் என்கிற ஸ்பிரிட் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உலகத்திலேயே பெரிய கார் ரேஸில் ஊற்றுவதுகூட நம் பம்பில் அடிக்கிற பெட்ரோலுக்குக் கூடப்பிறந்தது மாதிரிதானாம். அதில் என்னென்ன இருக்கலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டாம். இதைப் படித்த அன்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த மாதிரிக் கார் ஒன்று எங்கள் ஊருக்கு வந்திருக்கக் கூடாதா? இந்தப் பாழாய்ப்போன ஸ்பிரிட் குடிக்கிற கார்தானா வரவேண்டும்?

மாமா அதை வைத்து ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தார். இரண்டு பால்மா டின் மூடிகளை வெயிலில் வைப்பார். ஒன்றில் த்ரீவீலரிலிருந்து எடுத்த பெட்ரோல், மற்றதில் போத்தலிலிருந்து கொஞ்சம். இரண்டிலும் தீக்குச்சியைப் போடுவார். பெட்ரோல் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு, கரும்புகை கக்கும். மற்ற மூடியில் ஒன்றுமே இருக்காது. புகை இல்லை, வெளிச்சம் இல்லை.

"எது எரியுது, சொல்லுங்க பாப்போம்?"

எல்லாரும் பெட்ரோலைக் காட்டுவார்கள். உடனே மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நான் ஒரு காய்ந்த இலையை எடுத்து, ஒன்றுமில்லாத மூடிக்கு மேலே நீட்டுவேன். குப்பென்று பற்றிக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அந்த வேலையை மாமா எனக்கு மட்டும்தான் கொடுத்தார். "இவ என் அசிஸ்டன்ட்" என்று ஊருக்கே சொன்னார். அந்த ஒரு வாரம் நான் பள்ளிக்கூடத்தில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவ்வளவு மிதப்பு.

அடுத்த ஞாயிறு காலையில் தூறல் போட்டு, மத்தியானம் சுள்ளென்று வெயில் அடித்தது. வித்தை முடிந்து எல்லாரும் கைதட்டிய பிறகு, கீழ் லயத்துப் பையன்கள் ஓடிவந்து, இன்னொருக்கா காட்டுங்க என்று பிடிவாதம் பிடித்தார்கள். மாமா யார் கேட்டு இல்லையென்றார்? போத்தலைத் திறந்தார்.

"முந்தி ஊத்துனது அணைஞ்சிருச்சான்னு பாரும்மா."

கொண்டுவந்த காய்ந்த இலைகள் தீர்ந்திருந்தன. தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு சருகை எடுத்தேன். தொட்டபோது சில்லென்று ஈரமாக இருந்தது. அதனாலென்ன என்று மூடிக்கு மேலே பிடித்தேன். பற்றவில்லை.

"அணைஞ்சிருச்சு மாமா," என்றேன்.

மாமா போத்தலைச் சாய்த்தார். 'பக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். போத்தலை வீசிவிட்டு அவர் குதிக்கத் தொடங்கினார். நெஞ்சில் அடித்துக்கொண்டார், சுற்றினார், மண்ணில் விழுந்து புரண்டார், "ஐயோ ஐயோ" என்று அலறினார். நெருப்பு என்று ஒன்றை யாருமே பார்க்கவில்லை. பழைய தேள் வித்தையென்றுதான் நினைத்தோம். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று ஒருத்தரும் கிட்டே போகவில்லை. சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அசிஸ்டன்ட் அல்லவா, கைதட்டி மற்றவர்களையும் தட்டச் சொன்னேன்.

பிறகு அந்தச் சிவப்புச் சட்டை தானாகக் கறுத்துச் சுருங்கத் தொடங்கியது. தலைமயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தது. அம்மா உள்ளேயிருந்து துணி ஊறப்போட்ட தண்ணீர்ப் பேசினோடு ஓடிவந்து அப்படியே அவர்மேல் கொட்டினாள். அப்பா பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். எனக்குச் சிரிப்பை எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. அதை இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மாமா என்னைக் கேட்டாராம். அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளைக் கட்டு. முகம் மட்டும் வீங்கி, கண் திறந்திருந்தது. கட்டிலருகே ஒரு பொலிஸ்காரர் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். மாமா சிங்களத்தில், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "பிள்ளைகள் எல்லாம் தூரத்தில் நின்றார்கள். அணைந்ததா என்று யாரிடமும் கேட்கவில்லை. நானேதான் பார்க்காமல் ஊற்றினேன்."

எனக்குச் சுருக்கென்றது. என்னை விட்டுவிட்டாரே! கடைவீதியில் பழகிய சிங்களம் எனக்கும் தெரியும். "இல்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன், என்னைத்தான் பார்க்கச் சொன்னார்," என்று பொலிஸ்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாமா தலையைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை.

"பொய் சொல்லாத," என்றார் தமிழில். "நீ தூரத்துலதான் நின்ன. எனக்குத் தெரியாதா?" பிறகு பொலிஸ்காரரிடம் சிங்களத்தில், சின்னப் பிள்ளை, பயந்துபோய் உளறுகிறது என்றார். பொலிஸ்காரர் தாளை மடித்துக்கொண்டு போனார்.

அதுவரை மாமா என்னைப் பொய்க்காரி என்று சொன்னதே கிடையாது. அதுவும் வேற்று மனிதர் முன்னால். எனக்கு அழுகை முட்டியது. புறப்படும்போது, மாமாவுக்குச் சொல்லிட்டு வா என்றாள் அம்மா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கோவமாம்மா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. திரும்பவேயில்லை.

வியாழக்கிழமை மாமாவைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். சாவு வீட்டில் ஒரு பெண் என் தலையைத் தடவி, "மாமா ஒம்மேல உசுரா இருந்தாருல்ல?" என்று கேட்டாள். எனக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது.

"மாமா என்னைய பொலிஸ்கிட்ட பொய்க்காரின்னு சொல்லிட்டாரு. நான்தான் பாத்தேன். அணைஞ்சிருச்சுன்னு நான்தான் சொன்னேன்!"

பெட்டியின் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்த அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. எழுந்து வந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டு, என் வாயைக் கையால் பொத்தினாள். "பச்சப் புள்ள, என்னமோ ஒளறுது," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

அக்காவும் தம்பியும் சேர்ந்துகொண்டு என்னைப் பொய்க்காரியாக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆத்திரத்தில் அந்தக் கையைக் கடித்தேன். அம்மா கையை எடுக்கவில்லை.