உப்பு என்று கேட்டு வருகிறவர்

முதலாண்டுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அண்ணனின் தங்கை வணக்கத்துடன் எழுதுவது.

அண்ணன் மரக்காணத்தை அடுத்த அனுமந்தையில் பிறந்தார். அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி மாமா அண்ணனைச் சைகோனுக்குக் கப்பலில் கூட்டிப் போனார். பிரெஞ்சுக்காரர் போனார்கள், அமெரிக்கர் வந்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்களின் துணி துவைக்கும் சலவைக் கடை ஒன்றை அண்ணன் வைத்தார். வியட்நாமியப் பெண் ஒருவரை மணந்தார். ஒரு மகள். அண்ணியை நாங்கள் பார்த்ததேயில்லை.

"மடிச்சி வெச்ச சட்டைய வாங்க வரலன்னா, செத்துட்டான்னு முடிவு பண்ணிடுவோம். ஒருத்தன் ரொம்ப நாள் கழிச்சி வந்து நின்னான். அவன் சட்டைய வித்துட்டோம்" என்று பின்னாளில் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1975இல் அமெரிக்கர் கிளம்பிவிட, சைகோன் விழுந்தது. அண்ணி குழந்தையோடு தாய் வீட்டுக் கிராமத்துக்குப் போயிருந்த நேரம் அது. வழி அடைபட்டது. அண்ணனிடமிருந்து தகவலே இல்லை. அமெரிக்கா எங்கே, அனுமந்தை எங்கே? அவர்கள் சண்டை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த ஆண்டுக் கல்லறைத் திருநாளில் அம்மா அண்ணன் பெயரைக் கொடுத்தார். சாமியார் அதை இறந்தோர் வரிசையில் படித்தார். நாங்கள் மெழுகுவத்தி ஏற்றி அழுதோம். மறுமாதம், கொட்டுகிற மழையில் அண்ணன் வாசலில் வந்து நின்றார். வெளிநாட்டார் என்று அந்த நாட்டார் அனுப்பிவிட்டார்களாம். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கால் தரையில் படுகிறதா என்றுதான் பார்த்தார்.

"நான்தாம்மா. பேய் இல்ல."

அதன்பின் அண்ணன் உப்பளத்தில் உப்பு வாரினார். யார் வீட்டுச் சாவென்றாலும் குழி வெட்ட முதலில் போய் நிற்பார். கல்லறைத் திருநாள் வந்தால் நான் கேட்பேன்: "அண்ணிக்கும் பாப்பாவுக்கும் இந்த வருஷமாச்சும் பேர் குடுக்கலாமாண்ணா?"

"என் பேரையுந்தான் படிச்சீங்க. நான் வந்து நிக்கல?"

கடைசியில் மஞ்சள் காமாலை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மரக்காணம்னு அவ வாயில வராதும்மா. உப்புன்னு மட்டும் நல்லா சொல்லுவா. அதையே கேட்டுக்கிட்டு வருவா." மறுநாள் விடியலில் போய்விட்டார்.

அண்ணனைத் தூக்கிவந்த உப்பளத் தோழர்களுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த கூனிமேட்டு பாய் குடும்பத்தாருக்கும் நன்றி.

இன்றைய பூசையில் இறந்தோர் வரிசையில் அண்ணன் பெயர் மட்டுமே படிக்கப்படும். உங்களிடம் ஒரு வேண்டுதல். அயல்நாட்டுச் சாயலில் ஒரு பெண்மணி, கூட ஒரு பெண்ணோடு, பஸ்ஸை விட்டிறங்கி 'உப்பு' என்று கேட்டால் மளிகைக் கடையைக் காட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்குக் கூட்டிவாருங்கள். வழியில் எதுவும் சொல்ல வேண்டாம். அண்ணன் இல்லை என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன்.