பேத்திக்காக நான் ஊதிய சங்கு

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் கொட்டகலையில் என் லொறியைத் தெரியாத ஆள் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, கொழுந்து மூட்டை ஏற்றி இறக்கி, பிறகு லொறி வாங்கி, ரோட்டுக்கு மேலே மாடி வீடும் கட்டியவன். படித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளை வளர்க்கிறார்கள். நான் வளர்த்த கதையைக் கேளுங்கள்.

என் மகளுக்கு நோர்வூட் பக்கம் ஒரு பாடசாலையில் டீச்சர் வேலை கிடைத்தது. எங்கள் பரம்பரையில் முதல் டீச்சர். அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளையை நானும் என் மனைவியும் பார்ப்பதாக ஏற்பாடு. தாய் படி இறங்கியதும் பிள்ளை அழத் தொடங்கும். சோறு வேண்டாம், பால் வேண்டாம், பொம்மை வேண்டாம். சாயங்காலம் வரை அதே அழுகை.

“அப்பா, வேலைய விட்டுறட்டுமா?” என்று மகள் ஒருநாள் கண்கலங்கிக் கேட்டாள்.

“விடுறதா? நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன்.

“லொறியத்தான் அடக்குவீங்க. இது புள்ளைங்க” என்றாள் என் மனைவி.

அன்று யோசித்தேன். என்னையும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். அங்கே நாங்களும் அழுதோம். ஆனால் மத்தியானம் பெக்டரிச் சங்கு ஊதினால் போதும், எல்லாப் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடுவோம். கொஞ்ச நேரத்தில் கொழுந்து வாசத்தோடு அம்மாமார் வருவார்கள். போனவள் வருவாள் என்பதை எங்களுக்குச் சொன்னது அந்தச் சங்குதான். என் மாடி வீட்டில் எல்லாம் இருந்தது, சங்கு மட்டும் இல்லை.

என் முற்றத்திலிருந்து பார்த்தால் பஸ் நிற்கும் இடம் தெரியும். சாயங்காலம் மகள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், முற்றத்தில் நிற்கும் லொறியின் ஹோர்னை நீளமாக அடித்தேன். அவள் படியேறி வந்தாள். தினமும் இப்படியே. சில நாளில் ஹோர்ன் கேட்டதும் பிள்ளை முற்றத்துக் கேட்டுக்கு ஓடியது. பகலில் அழுகையும் குறைந்தது. ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

பெருமை கூடிப்போய் ஒரு வேலை செய்தேன். ஒரு மத்தியானம் பிள்ளை வீறிட்டு அழுதது. அடக்குவதற்காக ஹோர்னை அடித்துவிட்டேன். அழுகை டக்கென்று நின்றது. பிள்ளை ஓடிப்போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது, நின்றது, யாரும் வரவில்லை. சாயங்காலம் உண்மையான ஹோர்ன் அடித்தபோது திரும்பியே பார்க்கவில்லை.

மனைவி பிடித்துக்கொண்டாள். “சங்குக்காரன் பொய்யா ஊதுனா அப்புறம் எந்தப் புள்ள நம்பும்?”

பகல் அழுகை திரும்பி வந்தது; மகள் மறுபடி வேலையை விடும் பேச்சை எடுத்தாள். “இந்த மாசம் மட்டும் பொறு தாயி” என்று கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சாதவன் நான். அதன்பிறகு பிள்ளை எவ்வளவு அழுதாலும் ஹோர்னில் கை வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அழுகை ஓயும் வரை உட்கார்ந்திருந்தேன். மகளின் கால் ரோட்டில் பட்ட பிறகுதான் ஹோர்ன். மழையோ, பனியோ, வாடகைக்கு ஹயர் ஓடுகிற நாளோ, அந்த நேரத்துக்கு லொறி முற்றத்துக்கு வந்துவிடும். முதலில் பிள்ளை தலையை மட்டும் திருப்பியது. பிறகு எழுந்து நின்றது. பிறகு ஓடியது.

ஒருநாள் லொறி ரிப்பேராகி ஹட்டன் கராஜில் மாட்டிக்கொண்டது. பனிமூட்டத்தில் சாயங்கால பஸ்ஸையும் காணோம். நான் கேட்டில் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். பேத்தியோ கரண்டியால் பானை மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஹோர்ன் இல்லையே கண்ணு, அம்மா எப்புடி வருவா?” என்றேன்.

“பஸ்ல வரும்” என்றாள், நிமிராமலே.

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “சங்குக்காரருக்கு இனி பென்சன்தான்.”

இருக்கட்டும். வெளியே ஊதிய சங்கை அந்தப் பிள்ளை மனசுக்குள்ளே வைத்துக்கொண்டுவிட்டது. அதைச் செய்தவன் நாலாம் வகுப்புக்காரன்.

மகள் இன்னும் டீச்சர்தான். பஸ் பிந்தும் நாட்களில் கேட்டுக்கும் வாசலுக்கும் நடப்பது இப்போது நான்தான்.

“ஒக்காரு தாத்தா” என்கிறாள் பேத்தி. “அம்மா வரும்.”