மூன்று முடிச்சுப் போட்ட கான்

அத்தையின் குசினியில், அடுப்பு மூலையில், ஒரு மஞ்சள் எண்ணெய்க் கான் இருக்கிறது; தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கலன். பிடியில் சிவப்புத் துணித் துண்டொன்று, மூன்று முடிச்சுகளோடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

யுத்தம் முடிந்து வவுனியா முகாமில் இருந்தபோது, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காக ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, கான்கள்தான் நின்றன. பவுசர் வந்ததும் எது யாருடைய கான் என்று அடிபிடி தொடங்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு வன்னிக்கு ஓடிவந்த அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தன்னிடமிருந்த இரண்டு சேலைகளில் ஒன்றைக் கிழித்து, முதல் வரிசைக் கூடாரங்களின் கான்களுக்கு ஒரு முடிச்சு, அடுத்த வரிசைக்கு இரண்டு, எங்களுக்கு மூன்று என்று கட்டினார். முன்வரிசைக்கு ஒருநாள் முதலில், கடைசி வரிசைக்கு மறுநாள் முதலில். “இன்னைக்குக் கடைசிக் கூடாரந்தான் மொதல்ல. எவனாச்சும் கான நகர்த்துனா கைய ஒடிச்சிருவேன்!” முன்னர் தங்கள் கிணற்றில் எங்களை அள்ளவிடாதவர்களும் அந்தச் சொல்லுக்கு அடங்கி நின்றார்கள்.

பேரழிவுதான் தலைவர்களை உருவாக்கும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அத்தைக்கு அந்த வல்லமை முகாமில் வந்ததல்ல. தோட்டத்திலும் இருந்தது, பார்க்கத்தான் ஒருவருமில்லை. எல்லாரும் ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழ் கிடந்தபோது கண் திறந்தவர்கள், ஊர் திரும்பியதும் மறுபடி மூடிக்கொண்டார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் குடியேறிய பிறகு, ஊர்ச் சங்கத்தின் நிர்வாகத்தில் ஓர் இடம் கேட்டார் அத்தை. முகாமில் அத்தையின் வரிசையில் கான் வைத்தவர்தான் சங்கத் தலைவர். அவர் சொன்னார்: “அக்கா, உங்களுக்குக் காணிப் பேர்மிட் இல்லையே. நீங்கள் தேத்தண்ணிப் பக்கத்தைப் பாருங்கோ.” அரசு தரும் அந்த நிலப் பத்திரம் இருந்தால்தான் நிர்வாகத்தில் இடமாம். சபை சிரித்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். குறிப்பெழுத என்னைத்தான் வைத்திருந்தார்கள். தலை நிமிராமல் எழுதினேன். அந்த மௌனத்துக்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

போன மாரியில் வெள்ளம் வந்தது. கிணறுகள் மூழ்க, ஊரே பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்தது. பவுசர் வந்த முதல் நாளே கைகலப்பு. தலைவர் நனைந்த சாரத்தைத் தூக்கிக் கட்டியபடி ஓடிவந்தார். “அக்கா, லைனை ஒருக்காப் பாருங்கோ.”

“போகாதீங்க அத்தை. பேர்மிட்டக் காட்டி அவரையே வரிசை கட்டச் சொல்லுங்க” என்றேன்.

அத்தை கானைத் தூக்கினார். “அந்தாளுக்குச் சொரணை இல்ல, சரி. புள்ளைங்களுக்குத் தாகம் இருக்குல்ல?”

அதன்பின் சண்டை வரவில்லை. வெள்ளம் வடிந்ததும் கூட்டம் கூடியது.

“தண்ணிப் பங்கீட்டுக்குத் தலைமை எண்டு என்ர பேரைப் போடு, பிள்ளை” என்றார் தலைவர், குறிப்பெழுதிக்கொண்டிருந்த என்னிடம்.

நான் அத்தையின் பெயரை எழுதினேன்.

“அவா நிர்வாகத்தில இல்லையே. வெட்டு.”

“நான் வெட்டமாட்டன். எல்லாரும் பார்க்க நீங்களே வெட்டுங்கோ.” கொப்பியையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினேன். அவர் சபையைப் பார்த்தார். அத்தை கட்டிய வரிசையில் கான் வைக்காத வீடு ஒன்றுகூட அங்கே இல்லை. பேனாவை அவர் எடுக்கவில்லை.

தலைவர் கதிரையில் இன்னமும் அவர்தான். நான் வீடு திரும்பியபோது, வெள்ளத்தில் இற்றுப்போன துணியை அவிழ்த்துவிட்டு, அத்தை கானுக்குப் புதிதாகச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளத்துக்காம். மூன்றாவது முடிச்சை அவர் இறுக்க, பக்கத்தில் அமர்ந்து அவருடைய காணிப் பேர்மிட் விண்ணப்பத்தை நான் எழுதத் தொடங்கினேன்.