கதவில் அழிந்த மூன்று எழுத்து

போலந்தின் லுப்லின் நகரத்தில் பதினோரு குடும்பங்கள் இருந்த மூன்று மாடி வீட்டுக்கு அபொலோனியா காவல்காரி. படி கழுவுவது, நிலக்கரி அள்ளுவது, கேட்டைப் பூட்டித் திறப்பது எல்லாம் அவள் வேலை. படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறையில் இருந்தாள். போருக்குப் போன புருஷன் திரும்பவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரின் செருப்புச் சத்தமும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் யாராவது ஏதாவது கேட்டால் துடைப்பத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்.

தேசியக் கட்சியை எதிர்த்த கலகப் படை வார்சா பாலத்தில் தோற்று ஓடி அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கட்சி ஆட்சிதான். முதலில் கல்லூரியில் யூதப் பிள்ளைகளுக்குத் தனி பெஞ்சு போட்டார்கள். அப்புறம் சந்தையில் தனி வரிசை. இந்த வருஷம் வீடுகள். யூதர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்றார்கள்.

குடியிருப்போர் பதிவேடு போலீஸ் கையில் இருந்தது. கட்சிக் கமிட்டிக்கு அதைக் கேட்டு வாங்கும் பொறுமை இல்லை. அதனால் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளில் கிறிஸ்தவர்கள் கோயிலில் மந்திரித்த சாக்பீஸைக் கொண்டுவந்து, ராஜாக்களின் பெயர்களுக்கு மூன்று எழுத்தும் வருஷமும் கதவில் எழுதுவது வழக்கம். அதை யாரும் துடைக்க மாட்டார்கள். தானாகத்தான் அழிய வேண்டும். துடைத்தால் பாவம்.

"எழுத்து இல்லாத கதவை மட்டும் குறிச்சுக்குவோம்" என்று கமிட்டிக்காரர் கைடா சொல்லிவிட்டுப் போனார். "சனிக்கிழமை வர்றேன். கேட்டைத் திறந்து வை."

அந்த வீட்டில் எழுத்து இல்லாத கதவு ஒன்றுதான். இரண்டாம் மாடியில் தொப்பி தைக்கும் யூதப் பெண் பெர்லாவின் கதவு. பத்தொன்பது வருஷப் பழக்கம், ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் 'பானி' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்.

வியாழக்கிழமை அபொலோனியா தன்னிடம் மிச்சமிருந்த சாக்பீஸை எடுத்துப் போய் பெர்லாவின் கதவில் எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்து முடிவதற்குள் கதவு திறந்தது.

"என்ன பானி அபொலோனியா, எனக்கு ஞானஸ்நானம் குடுக்க வந்தீங்களா? தண்ணி கொண்டு வரலையே."

"சனிக்கிழமை அவரு வர்றாரு."

"தெரியும்." பெர்லா இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் அந்த எழுத்தைத் துடைத்தாள். யூதர்கள் கதவு நிலையில் பதிக்கும் வேத வாசகக் குழலைத் தொட்டுக் காட்டினாள். "எங்க அப்பா ஆணி அடிச்சு வெச்சது இது. இதுக்குப் பக்கத்துல பொய் எழுத வேணாம். உங்க மேல கோபம் இல்ல. உள்ள வாங்க, டீ குடிங்க."

அபொலோனியா உள்ளே போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் வேலைக்கும் சந்தைக்கும் போன பிறகு, ஒரு வாளி சலவை சோடா கரைத்த தண்ணீரோடு மேல்மாடிக்கு ஏறினாள். முதல் கதவின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். சிலுவை போட்டுக்கொண்டு துடைத்தாள். பத்துக் கதவுகளையும் துடைத்து முடித்தபோது வாளித் தண்ணீர் பால் மாதிரி இருந்தது. அதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வராமல், முற்றத்து மரத்தடியில் ஊற்றினாள்.

சனிக்கிழமை கைடா மூன்று மாடியும் ஏறி இறங்கினார்.

"ஒரு கதவுலயும் இல்லையே. யாரு அழிச்சது?"

"நான்தான். கழுவினேன்."

"உனக்குப் புத்தி இருக்கா? அதைக் கழுவலாமா?"

"அழுக்கா இருந்துது."

"நீ கிறிஸ்தவச்சிதானே?"

அவள் துடைப்பத்தைப் பார்த்தாள்.

சாக்பீஸ் மந்திரிப்பது வருஷத்துக்கு ஒருமுறைதான். பெர்லாவின் கதவு நிலைக் குழலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. கமிட்டி வைத்த விதிப்படி பார்த்தால் பதினோரு குடும்பமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். முதல் மாடியிலோ கட்சிக்கு மேடை போட்டுக் கொடுத்த நீதிபதியின் விதவை இருந்தாள். கைடா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த வருஷப் பட்டியலில் இந்த வீடு வரவில்லை.

வீட்டுக்காரர்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். அது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனதுதான் கஷ்டம்.

"தெரியாம செஞ்சியா?" என்று சாமியார் கேட்டார்.

"தெரிஞ்சுதான் சாமி."

"மனசு வருந்துதா?"

"இல்ல சாமி."

"வருந்தாம நான் எப்படி மன்னிப்புக் குடுக்கறது?"

"குடுக்க முடியாதுதான்" என்று அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனாள். மன்னிப்புக் கிடைக்காதவர்களுக்கு நன்மை அப்பம் கிடையாது. மற்றவர்கள் அதை வாங்க எழுந்து போகும்போது கடைசி வரிசையில் முழந்தாளிலேயே இருப்பாள். திரும்பி வந்து படி கழுவுவாள். இரண்டாம் மாடியில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.